சாக்கு போட்ட சட்டி

போன மாதம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். மக்களாட்சிதான் ஆட்சிமுறைகளில் சிறந்ததா என்பது தலைப்பு. ஆம் என்று பேச மூன்று பேர் உடனே கிடைத்துவிட்டார்கள். இல்லை என்று பேச ஒரு ஆள் குறைந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த இந்தக் கிழவனிடம் வந்தார்கள்.

"பாட்டா, நீங்க எதையும் நம்பாத ஆளுல்லா. வந்து ஒரு அஞ்சு நிமிசம் பேசுங்க."

போனேன். மூன்றாவது வாக்கியத்திலேயே என் பேச்சு கடலுக்குள் போய்விட்டது. அது கரை திரும்புவதற்குள் மணி அடித்து என்னை இறக்கிவிட்டார்கள். கடைசியில் நடுவர் மக்களாட்சியே சிறந்தது என்று தீர்ப்புச் சொன்னார். அதை அவர் ஒருவராகத்தான் முடிவு செய்தார், யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

சொல்ல வந்ததை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பையன்கள் கேட்டார்கள். எழுத்தில் மணி அடிக்க ஆள் கிடையாது. ஒத்துக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். குளச்சலில் ஐஸ் உடைத்தேன். கொச்சியில் போட்டில் ஏறினேன். அங்கிருந்து மங்களூர், ரத்னகிரி. நடுவில் ஒரு மழைக்காலம் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக் காவல் இருந்தேன். காற்று காதுக்குள் புகுந்து தூங்கவிடாததால் அதையும் விட்டேன். ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். பசி, கப்பல் வாந்தி, கை வெடிப்பு எல்லாம் இருந்தன. எல்லாருக்கும் இருந்தன, அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வளைகுடாவில் சில வருடம் ஒரு அர்பாபின் போட்டில் வேலை செய்தேன். அர்பாப் என்றால் முதலாளி. அது மன்னராட்சி நாடு, போட்டிலும் மன்னராட்சிதான். எங்கள் பாஸ்போர்ட் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. கிழவர் நல்லவர். நோன்பு திறக்கும்போது எங்களையும் கூட்டி உட்காரவைப்பார். ஒருவனுக்குத் தாய் இறந்தபோது டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த நாட்களில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ராஜா போதும், ஓட்டு எதற்கு என்று சொல்லியிருப்பேன். பிறகு கிழவர் இறந்தார், மகன் வந்தான். அலமாரி அதே அலமாரிதான், சாவி மட்டும் கை மாறியது. அவனிடம் இருந்து என் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குவதற்குள் என் தகப்பனார் அடக்கம் முடிந்து கல்லறையில் சிமெண்டும் பூசிவிட்டார்கள். நல்ல ராஜாவோடு மோசமான ராஜாவும் ஒரே பொட்டலத்தில் வருவார் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன்.

ஊரில் இருந்தது மக்களாட்சி. தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர்கள் கடற்கரைக்கு வருவார்கள். கடல் அரிக்காமல் இருக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தருவோம் என்பார்கள். ஒருமுறை ஒருவர் மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தில் உட்கார்ந்து, மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார். அப்போது எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு மிதவைச் சட்டை கிடையாது. போட்டோ முடிந்ததும் அதையும் கழற்றிக் காரில் கொண்டு போய்விட்டார். ஜெயித்தார். நானும் அவருக்குத்தான் போட்டேன். மற்றவர் வரவே இல்லை.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. ஸ்ராங்கு லாசரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்ராங்கு என்றால் போட்டை ஓட்டுகிறவர், கடலில் அவர்தான் எல்லாம். நாங்கள் பதினோரு பேர், அவர் ஒருவர். எங்களுடையது ஆயிரங்கால் தூண்டில் போடுகிற போட்டு. மைல் கணக்கில் நீளும் ஒரு கயிறு, அதில் வரிசையாகத் தூண்டில்கள். இரை மாட்டி இறக்க ஒரு பொழுது, காத்திருக்க ஒரு பொழுது, இழுத்து ஏற்ற ஒரு பொழுது. லாசரண்ணன் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வீல்ஹவுஸ் ஜன்னலில் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினால் கயிறு இறங்க வேண்டும். கையை மூடினால் நிறுத்த வேண்டும். பற்றவைக்காத பீடி ஒன்று எப்போதும் உதட்டில் இருக்கும். புதிதாக வந்தவன் எவனாவது "எங்கண்ணே போறோம்?" என்று கேட்டால் "தண்ணியிலதான்" என்பார். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார், அதுவும் சட்டியின் அடியில் பிடித்த சோற்றை. இதில் மயங்கி அவரை நேசித்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு மயங்கவில்லை. காரணம், வயர்லெஸ். அதை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. காற்று எப்படி, மீன் எங்கே, யார் கரைக்குத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவர் காதுக்குப் போய், அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். எது வரவில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை திருக்கை முள் குத்தி ஒருவனுக்குக் கை வீங்கியது. கயிறு முழுக்க நல்ல விலை போகும் கேரை மீன் ஏறிக்கொண்டிருந்த நேரம். லாசரண்ணன் எட்டிப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், மீதிக் கயிற்றை மிதப்பு கட்டி விடச் சொல்லிவிட்டுப் போட்டைத் திருப்பினார். யாரிடமும் கேட்கவில்லை. முணுமுணுத்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கை இன்றைக்கும் ஆட்டோ ஓட்டுகிறது.

அதே ஆள்தான் எங்களில் ஒருவனான கிளீட்டஸை இழந்தார். அன்றைக்குக் காற்றெச்சரிக்கை வந்தது. வயர்லெஸ்ஸில் வந்ததை எங்களிடம் சொல்லவில்லை. ஒரு இழுப்பு முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறார். காற்று முந்திக்கொண்டது. பின்பக்கம் நின்ற கிளீட்டஸை ஒரு அலை எடுத்தது. மறுநாள் முழுக்கச் சுற்றித் தேடினோம். செருப்பு கிடைத்தது.

கரைக்கு வந்ததும் அவனுடைய மனைவி எங்கள் எல்லாரையும் தாண்டி நேரே ஸ்ராங்கிடம் போனாள்.

"யாரு நிக்கச் சொன்னா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார்.

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சர்ச் சாமியார் வந்து அவளைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு பித்தான் அவள் கையோடு போய்விட்டது. அந்தச் சட்டையை அவர் பிறகும் போட்டுக்கொண்டு வந்தார், பித்தான் தைக்காமலே.

அடுத்த தடவை போட்டு புறப்படும் நாளில் நாங்கள் ஏறவில்லை. ஆன்டோ என்று ஒரு இளைஞன் இருந்தான். பாலிடெக்னிக்கில் படித்தவன், வேலை கிடைக்காமல் கடலுக்கு வந்தவன், நல்ல பையன். அவன்தான் பேசினான்.

"மீனுல எல்லாருக்கும் பங்கு இருக்குல்லா? அப்பம் முடிவுலயும் எல்லாருக்கும் பங்கு வேணும். திரும்பணுமா நிக்கணுமான்னு இனி ஓட்டு வைக்கணும். வயர்லெஸ்ஸ எல்லாரும் கேக்கணும்."

லாசரண்ணன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தோம். "சரி மக்கா, ஓட்டு வைப்போம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். வயர்லெஸ் விஷயத்தை அவர் பேச்சோடு பேச்சாக மறந்துபோனார். ஓட்டுக் கிடைத்த சந்தோஷத்தில் நாங்களும் மறந்துபோனோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சேவியர் விஷயம்.

சேவியர் என் வயதுக்காரன், எங்கள் தெருவுக்குப் பின் தெரு, மனைவி பெயர் மேரி. கடலுக்குள் வெகுதூரம் போன பிறகு அவனுக்கு வயிற்றின் வலதுபக்கம் வலி தொடங்கியது. முதலில் வாயு என்றான். சுக்குத் தண்ணீர் குடித்தான். மறுநாள் விடிந்தபோது கால் நீட்ட முடியாமல் சுருண்டு கிடந்தான். தொட்டால் சுட்டது. அந்த வருடம் அதுவரை மீன் சரியில்லை. அன்றைக்குத்தான் கயிற்றில் கேரை கண்டோம்.

லாசரண்ணன் எல்லாரையும் கூப்பிட்டார். "பக்கத்து போட்டுக்காரனுவ எல்லாம் நல்ல மீனுன்னு சொல்லுதானுவ. சேவியருக்கு வலி இருக்கு. திரும்பணுமா, நிக்கணுமா? நீங்க சொல்லுங்க. எனக்கு ஓட்டு வேண்டாம்" என்றார். முதல் வாக்கியத்தை அவர் ஏன் முதலில் சொன்னார் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கை தூக்கினால் முகம் பார்த்துத் தூக்குவார்கள், ரகசியமாக வைப்போம் என்றான் ஆன்டோ. போட்டில் காகிதம் நனைந்து கிடந்தது. அதனால் அவன் ஒரு வழி செய்தான். ஆளுக்கு ஒரு ஈயக்குண்டு, ஒரு தெர்மாகோல் துண்டு. ஈயம் என்றால் நிற்கலாம், தெர்மாகோல் என்றால் திரும்பலாம். கையை மூடிக்கொண்டு வந்து, தோள்துண்டால் மூடிய சோற்றுச் சட்டிக்குள் ஒன்றைப் போட வேண்டும். மற்றதைக் கைலி மடிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

நல்ல ஏற்பாடுதான். சட்டி அலுமினியம் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஆள் போட்டான். டங் என்றது. இரண்டாவது ஆள். டங். மூன்றாவது நான். என் தெர்மாகோல் சத்தமில்லாமல் விழுந்தது. அந்தச் சத்தமின்மை போட்டு முழுக்கக் கேட்டது.

"என்ன ஓய் சூசை, ஒமக்கு வீட்டு நெனப்பு வந்துட்டோ?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

எனக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் டங் என்றுதான் கேட்டது. ஆன்டோவுக்கும் டங். சட்டியைத் தூக்கிக்கொண்டு சேவியர் கிடந்த இடத்துக்குப் போனோம். அவனுக்கும் ஓட்டு உண்டு அல்லவா. படுத்தபடியே கையைத் துண்டுக்குள் விட்டான். டங்.

"பாத்தியா, அவனே நிக்கலாங்கான்" என்றார்கள். எல்லார் முகத்திலும் பாரம் இறங்கியது. துண்டை எடுத்துப் பார்த்தபோது ஈயங்களுக்கு நடுவில் என் தெர்மாகோல் ஒன்றுதான் கிடந்தது. அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கயிறு இழுக்கப் போனோம். மதியத்துக்கு முன்னால் சேவியர் பச்சையாக வாந்தி எடுத்தான். பல் கிட்டியது. நான் கையைக் கழுவிவிட்டு வீல்ஹவுஸுக்கு ஏறினேன்.

"ஸ்ராங்கண்ணே, ஓட்டுங்க."

"ஓட்டுதான் போட்டாச்சே."

"அந்த ஓட்டு இல்ல. போட்ட கரைக்கு ஓட்டுங்கன்னு சொல்லுதேன்."

"அது நீங்க எல்லாரும் சேந்து எடுத்த முடிவு சூசை. நான் மாத்தப்பிடாது."

"அண்ணைக்குத் திருக்கை முள்ளுக்கு யாருகிட்ட கேட்டீங்க?"

"அண்ணைக்கு நான் சொன்னேன். இப்பம் நீங்க சொல்லுதீங்க."

"அவன் செத்துப்போனா மேரிகிட்ட யாரு போய் நிப்பா?"

பீடியை உதட்டில் இருந்து எடுத்தார். பித்தான் இல்லாத அதே சட்டை. காற்றில் அந்த இடம் மட்டும் விலகி விலகிப் படபடத்தது.

"எல்லாரும் நிப்போம்" என்றார்.

அவர் எதற்கு அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கிளீட்டஸின் மனைவிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டை இருந்தது. மேரி வந்தால் அவள் யார் சட்டையைப் பிடிப்பாள்? பதினோரு பேர் முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். மக்களாட்சி என்றால் எனக்குப் பயம் வருவது இந்த இடத்தில்தான். தப்பு நடக்கிறது. செய்தவர் யார் என்று கேட்டால் எல்லாரும் என்கிறார்கள். எல்லாரும் என்று ஒரு ஆள் ஊரில் கிடையாது.

கீழே இறங்கி ஆன்டோவைப் பிடித்தேன். "லே, நீ ஈயமா போட்ட?" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "தெர்மாகோலத்தான் எடுத்தேன் அண்ணே. எல்லாரும் நிக்கானுவ, ஒங்களுக்குக் கெடச்ச பேச்சும் கேட்டேன். கை மாறிட்டு."

"இன்னொருக்க வை."

"வச்சா இதுதான வரும்?"

"வை."

மறுபடியும் ஓட்டு என்று அவன் சத்தம் போட்டான். சிலர் முறைத்தார்கள். சட்டியை எடுக்கப் போனால் மிக்கேல் தரமாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன்தான் போட்டில் சமையல்.

"ஒங்களுக்க ஈயத்தப் போட்டுப் போட்டு சட்டியில குழி விழுந்தாச்சு. ஓட்டையானா நாளைக்கு ஒங்களுக்க தலையிலயாலே சோறு பொங்குவேன்?"

"அடுத்த தடவ கரைக்குப் போனா புதுசு வாங்கித் தாறேன், தா" என்றான் ஆன்டோ.

"ஓட்டுக் கேக்கவன் பேச்சு எனக்கு வேண்டாம். அடியில ஒரு சாக்க மடிச்சுப் போட்டாத் தருவேன்."

போட்டான். ஈரச் சாக்கு, நாலாக மடித்தது. தன் சட்டிக்காகத்தான் மிக்கேல் அதைக் கேட்டான், வேறு எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை.

இந்தத் தடவை லாசரண்ணனும் இறங்கி வந்தார். "எனக்கும் ஒரு ஓட்டுத் தாங்க" என்றார். முதல் ஆள் கையை விட்டான். டங் கேட்கவில்லை. அவன் தெர்மாகோல் போட்டான் என்று நினைத்தோம். இரண்டாவது ஆளுக்கும் சத்தமில்லை. மூன்றாவது ஆள் போட்ட பிறகுதான் புரிந்தது, சாக்கின் மேல் எது விழுந்தாலும் கேட்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்த்து ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் போட்டில் முதல் தேர்தல் நடந்தது என்று சொல்லுவேன். சேவியருடைய கையை நான்தான் பிடித்துச் சட்டிக்குள் விட்டேன். உள்ளே என்ன விட்டான் என்று நானும் பார்க்கவில்லை.

துண்டை எடுத்தோம். சாக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல். நடுவில் ஒரே ஒரு ஈயம்.

காலையில் என்னுடையது தனியாகக் கிடந்தது. இப்போது அது தனியாகக் கிடந்தது. யாருடைய மடியையும் யாரும் தடவிப் பார்க்கவில்லை. லாசரண்ணன் மேலே ஏறி எஞ்சினை முழுதாகத் திறந்துவிட்டார்.

கொச்சியில் சேவியரை அறுத்தார்கள். குடல்வால் உடைந்திருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். பிழைத்தான். உட்கார ஆரம்பித்ததும் கேட்டேன்.

"ஏம்லே மொதல்ல ஈயம் போட்ட?"

"படுத்துக்கெடந்து ஒவ்வொரு டங்கா கேட்டுட்டுக் கெடந்தேன். எனக்க மொற வந்தப்பம் சத்தம் வராததப் போடக் கை வரல்ல" என்றான்.

"ரெண்டாவது?"

"ரெண்டாவது நான் திரும்பத்தான் போட்டேன். அந்த ஒண்ணு நானில்ல."

லாசரண்ணன் சாவதற்கு முன்னால் அவரையும் கேட்டுவிட்டேன். "ரகசிய ஓட்டுன்னு சொல்லிட்டு இப்பிடி வந்து கேக்கிய, வெக்கமா இல்லியா ஒனக்கு?" என்று சிரித்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மற்றவர்களையும் பார்க்கும்போதெல்லாம் நினைப்பு அங்கேதான் போகும். ஒருவன் என் பேத்திக்கு ஞானஸ்நானத் தகப்பன். ஒருவனோடு தினமும் சீட்டு விளையாடுகிறேன். எல்லாரும் நல்லவர்கள். அவர்களில் ஒருவன், யாருக்கும் தெரியாது என்று உறுதியான பிறகு, சேவியர் கிடந்தால் கிடக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

பையன்களே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். சிறந்ததா என்று எனக்குத் தெரியாது. ஓட்டு வைக்கிறோம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்று பாருங்கள். வயர்லெஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இப்போது அது உங்கள் எல்லார் கையிலும் செல்போனாக இருக்கிறது என்கிறீர்கள். அதில் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். சட்டிக்குள் சாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போய்ப் போடுங்கள். நான் போகிறேன்.

கடைசியாக நடந்த தேர்தலில் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் சேவியர் நின்றான். பொத்தானை அழுத்தினான், பீப் என்று நீளமாகக் கேட்டது. நான் அழுத்தினேன். அதே பீப். எதை அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். அதை யோசித்துச் செய்தவனைப் பார்த்தால் கை கொடுப்பேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். சேவியர் விரல் மையை ஊதிக்கொண்டே சொன்னான்.

"சூசை, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருசமா நெனைக்கேன். கோவப்படப்பிடாது."

"கேளு."

"சாக்கு போட்டப்பம் விழுந்த அந்த ஈயம். அது நீ இல்லல்லா?"

"நானா? மொத தடவ சத்தம் வராம போட்டது நான் ஒருத்தன்தானலே. நீ கேட்டுட்டுத்தான கெடந்த?"

"அது கேட்டுச்சு. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. நான் கேக்கது ரெண்டாவது."

"நான் இல்லலே."

"சரி" என்றான்.

சரி என்று சொன்னபோது அவன் பார்வை என் கைலி மடிக்கு ஒருமுறை போய்த் திரும்பியது.